சூட்டிகைக்குப் பொருள் சொன்ன மாப்பிள்ளை

தமிழில் எம்.ஏ. முடித்தவர்களுக்கு ஒரு வியாதி வரும். காதில் விழுகிற சொல்லையெல்லாம் இரண்டாகப் பிளந்து, உள்ளே என்ன இருக்கிறதென்று பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டியே தீருவார்கள். எனக்கு அது நன்றாக முற்றியிருந்த சமயத்தில்தான் பெண் பார்க்கப் போனேன்.

ஆத்தூரிலிருந்து சேலம் போய், பஸ் மாறி, இளம்பிள்ளை. வழி நெடுக அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"அங்க போயி எதுக்கும் வெளக்கம் சொல்லாதடா. காப்பியக் குடி, சிரி, வந்துரலாம்."

(ஏற்கெனவே இரண்டு வீடுகளில் விளக்கம் சொல்லி, இரண்டு சம்பந்தமும் தட்டிப்போயிருந்தன.)

பெண் பெயர் கோமதி. சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். தறி வைத்திருந்த அவள் அப்பா, காப்பி வந்ததும் பெருமையை ஆரம்பித்தார்.

"எங்க புள்ள ரொம்பச் சூட்டிகைங்க. சேலைய ஒருக்காப் பார்த்தாப் போதும், எந்த எடத்துல நூல் அறுந்திருக்குதுன்னு சொல்லிப்போடும்."

அம்மா என் தொடையைக் கிள்ளினார். கிள்ளி என்ன பயன்? சொல் காதில் விழுந்தாயிற்றே!

"சூட்டிகைன்னா நுட்பமான அறிவுங்க. அது எப்படி வந்துச்சு தெரியுங்களா? சூடு, கை! அடுப்புல ஒருதரம் கையச் சுட்டுக்கிட்டவன் மறுபடி கிட்டப் போகமாட்டான் இல்லீங்களா? அந்த அறிவுதான் சூட்டிகை."

(அகராதியில் நான் பார்த்திருந்தது பொருளை மட்டும்தான். மற்றதெல்லாம் அந்த நிமிடத்தில் உதித்தது.)

அவர் அசந்துபோய்த் தலையாட்டினார். கதவோரம் நின்றிருந்த கோமதி மட்டும் தலையாட்டவில்லை.

"ஏனுங்க, சூடும் கையும் சேர்ந்தா 'சூட்டுக்கை'ன்னு தானுங்க வரோணும்? நடுவுல 'டி' எப்படிங்க வந்துச்சு?"

அந்த வாரம்தான் என் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் புணர்ச்சி விதி நடத்தியிருந்தேன். முகத்தை எங்காவது மறைத்தாக வேண்டும். எதிரே இருந்த எவர்சில்வர் தம்ளரை முழுக்கையால் பிடித்துத் தூக்கினேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய காப்பி அது.

"ஐயோ!"

உதறினேன். தம்ளர் ஒரு பக்கம் பறந்தது. காப்பி மொத்தமும் பெண்ணின் அப்பாவுடைய வெள்ளை வேட்டியில். அவர் நாற்காலியிலிருந்து குதித்த குதியில் சுவரிலிருந்த காலண்டர் கீழே விழுந்தது.

கோமதி சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து என் கையில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "இப்ப வெளங்குதுங்க. சூடு, கை."

என்னைப் பெற்ற தாய்தான் முதலில் சிரித்தார்.

"தெரியாம உளறிட்டேங்க. நீங்க சொன்னதுதான் சரி," என்றேன். தெரியாது என்று நான் வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

மூன்றாவது சம்பந்தமும் தட்டிப்போயிற்று என்று அம்மா சேலம் வரை புலம்பிக்கொண்டே வந்தார். நாலாம் நாள் பெண்ணின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. "மாப்பிள்ளைங்களா? கை தேவலைங்களா?" விசாரித்துவிட்டு அவர் வைத்த பிறகுதான், என்னை என்னவென்று கூப்பிட்டார் என்பதே எனக்கு உறைத்தது.

கல்யாணத்துக்குப் பிறகு கோமதியிடம், என்னைச் சம்மதித்த காரணம் கேட்டேன். "தப்புன்னா ஒத்துக்கிட்டீங்க. எங்கூட்டு ஆம்பளைங்க யாரும் அதப் பண்ணி நான் பார்த்ததில்லீங்க."

சூட்டிகை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போன மாதம் எங்கள் மகளை அவள் டீச்சர் "ரொம்பச் சூட்டிகை" என்று பாராட்டினார். சந்தோஷம் தாங்காமல் மாமனாருக்குப் போன் போட்டேன்.

"ரொம்ப சந்தோசங்க மாப்பிள்ளை," என்றார். "பொருள் கிருள் சொல்லிப்போடாதீங்க. இப்பத்தான் வெள்ளை வேட்டி கட்டியிருக்கறனுங்க!"