போட்டி அட்டையும் ஊதாப் பூனையும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நலம், உன் அக்காவும் நலம், "தூக்கிக் கடாசுங்க அத்தான்" என்று நீ சொன்ன அந்தப் பழைய கம்ப்யூட்டரும் பரம சௌக்கியம்.

போன வாரம் அதன் திரை இருண்டுபோனது. படம் காட்டும் கிராஃபிக்ஸ் அட்டை போய்விட்டது என்றார் மெக்கானிக். உன் மருமகள், அதான் என் மகள், எட்டு வயதில் வரைந்த ஊதாப் பூனை அந்தக் கம்ப்யூட்டருக்குள்தானே இருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தையோடு வருகிறாள். பேத்திக்குப் பூனையைக் காட்டுவதாக வாக்கு வேறு கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். மெக்கானிக்கோ, "போட்டிக் கம்பெனி அட்டைதான் சார் கைவசம் இருக்கு. அதைப் போட்டா உங்க படம் வரையற ப்ரோகிராம் ஓடாது. ரெண்டும் ஓரகத்திங்க மாதிரி, ஒருத்தி சொல்றது இன்னொருத்தி காதுல ஏறாது" என்றார். "போட்டு அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்து, பழைய கம்ப்யூட்டர்காரர்களின் மன்றத்துக்குப் போன் செய்தேன். அங்கே ஒருவர், தபால் பிரிக்கும் வேலையில் இருப்பவர், இந்த இரண்டு அட்டைக்கும் நடுவே சமாதானம் பேச ஒரு குட்டி ப்ரோகிராம் எழுதி வைத்திருக்கிறாராம். ஃபிளாப்பியில் அனுப்பிவைத்தார். கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் ஏற்றினேன். உன் அக்கா ஏதோ சொல்ல வந்தாள். "மூச்சு விடாதே!" என்று அடக்கிவிட்டேன்.

பூனை வந்துவிட்டதப்பா! ஊதா உடம்பு, மஞ்சள் மீசை, ஐந்து கால். அந்தக் காலத்துத் திரையின் பதினாறு நிறத்தில் ஒன்றுகூடப் பிசகவில்லை. என் மகளையே பார்த்திராத ஒரு மனிதர் எங்கேயோ உட்கார்ந்து எழுதிய நாலு வரி, அவள் பூனையைப் பிழைக்க வைத்திருக்கிறதே என்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். போனில் அவரை வாயாரப் புகழ்ந்தேன். அவரோ, "பன்னெண்டு வருஷத்துல இது ஓடுதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான் சார்" என்றார். அவரும் ஞாயிற்றுக்கிழமை பூனையைப் பார்க்க வருகிறார்.

உன் வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் என் ஆசி. உன் புதுக் கம்ப்யூட்டருக்கும்தான்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: மெக்கானிக் வந்திருக்கிறார். அந்தப் போட்டிக் கம்பெனி அட்டையை அவர் போடவே இல்லையாம்! "பழசையே கழட்டி, பென்சில் அழிக்கிற ரப்பரால ஓரத்தைத் தேச்சேன், உயிர் வந்துடுச்சு. அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னேனே!" என்கிறார். உன் அக்கா தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். பூனையைப் பிழைக்க வைத்தது அவர் ப்ரோகிராம் இல்லை என்று தபால்காரரிடம் எந்த வாயால் சொல்வேன்? மெக்கானிக் பையிலிருந்த போட்டி அட்டையை இப்போதே மாட்டச் சொல்லிவிட்டேன். மாட்டிவிட்டார். பொத்தானை அழுத்திவிட்டார். திரை கறுப்பு. பூனைப் படத்தைத் திறக்கத் தட்டிவிட்டேன். மேலே ஊதாவாக ஒரு காது... இரண்டு காது... உன் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள். மைத்துனா, மீசை! மஞ்சள் மீசை!