பக்கெட்டுக்காரரும் கல்யாண வாழையும்

எமனே வந்தாலும் காலைக் கழுவாமல் உள்ளே விடாத ஒரே மனிதர் கரிக்கலாம்பாக்கத்தில் இருக்கிறார். ஊரில் அவருக்குப் பெயர் பக்கெட்டு. அவருடைய வாழைத் தோட்டத்து வரப்பில் நடந்தவை, வரிசைப்படி:

1. லைன்மேன் கால் நனைத்தார்.
2. ஓட்டுக் கேட்டு வந்தவர் நனைத்தார். கூட வந்த பதினோரு பேரும் நனைத்தார்கள்.
3. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த எருமை, நாலு காலையும் நனைத்தது.
4. நான் மறந்தேன். திருப்பி அனுப்பப்பட்டேன்.

நாலாவதுதான் அவமானம். அந்தப் பக்கெட்டுக்கே காரணம் நான். உழவர் உதவியகத்தில் சேர்ந்த புதிதில், வாழை வாடல் நோய் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினேன். பூஞ்சாணம் மண்ணில் இருக்கும். செருப்பு, மண்வெட்டி, கன்று, கிழங்கு எதில் ஒட்டியும் அடுத்த தோட்டத்துக்குப் போகும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. எல்லோரும் போண்டா சாப்பிட்டார்கள். இவர் மட்டும் ப்ளீச்சிங் பவுடர் வாங்கப் போனார். மறுநாளே அதைக் கரைத்த பக்கெட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டது.

"மொதல்ல நார வச்சி மண்ணத் தேய்ங்க. அப்புறம் முக்குங்க. மேடம்னா இன்னா, ஒங்க ஷூவுக்குத் தனிச் சட்டமா?" என்று என்னையே திருப்பி அனுப்பினார்.

இரண்டு வயல் தள்ளி ஒரு தோட்டம் மஞ்சளாகும்வரை எனக்கும் இது சிரிப்பாகத்தான் இருந்தது. அதன்பிறகு அவர் சாப்பாட்டுக்குக்கூட வரப்பை விட்டு நகரவில்லை. ஒரு ஏக்கர் ரஸ்தாளி. அவருக்கு இருப்பதே அவ்வளவுதான்.

அவர் தங்கை மகளின் கல்யாணத்துக்கு முந்தின மதியம் போன் செய்தார். "மேடம், ஓடியாங்க. நோவு வண்டியேறி வருது."

வரப்பை ஒட்டிய மண்பாதையில் ஒரு மினி லாரி. பந்தல் வாசலில் கட்ட, குலை தள்ளிய இரண்டு வாழை மரங்கள். வாடாமல் நிற்கட்டும் என்று கிழங்கும் மண்ணுமாகப் பெயர்த்திருந்தார்கள். மண் உதிர்ந்துகொண்டிருந்தது. சக்கரத்துக்கு முன்னால் பக்கெட்டு மல்லாந்து படுத்திருந்தார். லாரிமேல் நின்று கத்தியவர் பெண்ணின் அப்பா.

"மச்சான், நீ தாய்மாமனா, எதிராளியா? எழுந்திரு! பொண்ணழைப்புக்கு நேரமாவுது!"

"எங்க பேத்த? அதச் சொல்லு மாப்ள."

"அந்த மஞ்சளான தோட்டத்துலதான். சும்மா குடுத்தான். கொல நல்லாத்தான இருக்குது!"

"வெட்டிப் பார்த்துடலாம்" என்று அரிவாளை எடுத்தேன். என் கணிப்பு தப்பினால் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்தான்.

"அருவாள முக்குனீங்களா?" என்றது சக்கரத்தடியிலிருந்து ஒரு குரல்.

முக்கினேன். வெட்டினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய தண்டுக்குள் செம்பழுப்புக் கோடுகள். பெண்ணின் அப்பா லாரியிலிருந்து இறங்கினார்.

தார்ப்பாய் போட்டு மூடி, வந்த வழியே திருப்பி, அந்தத் தோட்டத்திலேயே மரங்களைப் புதைத்தோம். பாதையில் சிந்தியிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தோம். சக்கரங்களைக் கழுவினோம்.

"வாச மொட்டையா நிக்குமே மச்சான்." பெண்ணின் அப்பாவுக்குக் குரல் உடைந்தது.

பக்கெட்டு அரிவாளை முக்கி எடுத்தார். தோட்டத்துக்குள் போனார். இருப்பதிலேயே பெரிய குலை போட்ட இரண்டு மரங்களை, வேரும் மண்ணும் இல்லாமல் தரைக்கு மேலாக அறுத்து, ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து வந்தார்.

"கண்ணத் தொடச்சிக்க மாப்ள. அப்படியே காலையும் முக்கிக்க."

இன்றைய நிலவரம்: மஞ்சளான தோட்டத்தில் இப்போது நெல். பக்கெட்டு தோட்டத்தில் இதுவரை ஒரு மரமும் வாடவில்லை. இனியும் வாடாது என்று நான் எழுதித் தர முடியாது. அவர் முட்டிவலியோடு அரியூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பக்கெட்டில் தண்ணீர் மாற்றுவது, அன்று லாரிமேல் நின்று கத்திய தங்கை கணவர். முக்கினாயா என்று வரப்பில் நின்று கேட்க ஆளில்லை. ஆனாலும் நான் முதலில் நாரால் தேய்த்து, அப்புறம்தான் முக்குகிறேன்.