உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைத்த விவரம்

மஞ்சக்குப்பத்தில் மூச்சும் பேச்சுமாய் இருக்கிற என் மச்சான் சூசைநாதனுக்கு, சிதம்பரத்திலிருந்து மரியலூர்து சொல்லிக்கொள்வது. இங்கு நான் நலம். நீ நலம் என்பது இப்போது ஊருக்கே தெரியும். எழுதுவது என் மகள், உன் மருமகள் ஜெயராணி. எனக்கு எழுத்து வராது, மறதியும் வராது.

உன் அக்கா, என் வீட்டுக்காரி வியாகுலமேரி செத்துப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. ஜெயராணி ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். அந்தம்மா மாத்திரையும் கொடுத்து, வியாழன்தோறும் கவிதை வகுப்புக்கும் வரச் சொன்னது. பத்துப் பேர் வட்டமாய் உட்கார்ந்து மனதில் உள்ளதை எழுதிப் படிக்க வேண்டும். பேங்கில் ரிட்டையரான ஒருவர் மூன்று வாரமாக நிலாவைப் படிக்கிறார். நிலா அப்படியேதான் இருக்கிறது. என் முறை வந்தது. "எனக்குக் கைநாட்டுதாம்மா" என்றேன். "பரவால்லங்க அய்யா, வாயால சொல்லுங்க. மனசுல யாரு ரொம்ப பாரமா இருக்காங்க?" என்றது. நீதான் இருந்தாய். எனக்குத் தெரிந்த பாட்டோ, உன் அக்கா எழவு வீடுகளில் பாடின ஒப்பாரி மட்டும்தான். அந்த மெட்டிலேயே எடுத்துவிட்டேன். "மஞ்சக்குப்பம் மணிவௌக்கே, மச்சானே சூசநாதா, மூணு வருசம் வாய்தொறக்கா முத்தான ராசாவே" என்று பதினேழு அடி. வட்டமே அழுதது. நிலாக்காரர் மூக்கைச் சிந்தினார். எனக்கும் நெஞ்சு லேசாகி, அன்று இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

அழுதவர்களில் பட்டம்மாள் உன் தெருக்காரி என்று எனக்கு எப்படித் தெரியும்? செத்தவனுக்குத்தானே ஒப்பாரி என்று அவள் உன் தெருவுக்குப் போனைப் போட்டுவிட்டாள். நீ மீன் வாங்கி வருவதற்குள் உன் வாசலில் ஷாமியானா, ஐஸ் பெட்டி, உன் கல்யாணப் போட்டோவைப் பெரிசு பண்ணி கண்ணீர் அஞ்சலி பேனர்; கோயிலில் துக்க மணி வேறு. "யாருய்யா செத்தது?" என்று நீயே கேட்டாயாம். கோபம் வராதா? வரும்.

ஆனால் யோசித்துப் பார். அவளை அடக்கம் செய்த செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று இருபது, பிறந்த வீட்டுக் கோடி என்று அவள் மேல் போர்த்த நீ கொண்டுவந்த பச்சைச் சேலையைத் தடவி, "சாயம் போவுமா?" என்று கேட்டேன். கேட்டது தப்பு. அன்றைக்கு முகத்தைத் திருப்பினவன் நீ. மூன்று வருஷம் பேசாதவனை உயிரோடு இருக்கிறான் என்று நான் எதை வைத்து நம்புவது? வருகிற பத்தொன்பதாம் தேதி அவளுக்கு நினைவுப் பூசை. கூடப் பிறந்த தம்பி இல்லாமல் இரண்டு வருஷமும் ஆம்பிளைகள் பக்கம் முன்வரிசையில் நான் ஒண்டியாக உட்கார்ந்தேன். இந்த வருஷம் என்னால் ஆகாது மச்சான். வா. பாடினதற்கு மன்னித்துக்கொள். இனி எந்தப் பாட்டிலும் உன் பெயரை எடுக்க மாட்டேன்.

உன் பிள்ளைகளுக்கும், பேனருக்குக் காசு போட்ட தெருப் பிள்ளைகளுக்கும் மாதா துணையிருக்கட்டும்.

ஜெயராணி கையால்,
மரியலூர்து (கைநாட்டு)

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நீயே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாய். கடிதத்தைத் தொடவில்லை. "ஊரே கேட்டு அழுத பாட்டு, செத்தவன் நான் கேக்க வாணாமா? பாடு மாமா!" என்று கத்தினாய். பாடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ்ளோதானா? இன்னொருக்கா பாடு" என்கிறாய். பூசைக்கு வருகிறாயாம், எனக்காக இல்லையாம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு ரத்து. வியாழக்கிழமை வகுப்புக்கும் வருகிறாயாம். என் பெயரில் இருபது அடி வைத்திருக்கிறாயாம்.