வளர்ச்சி மருந்தும் வளராத கன்றுகளும்

ஆராய்ச்சிக்கூடத்தில் செடிகளோடு செடியாக நிற்கும் அண்ணன் மகளுக்கு, சித்தப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் சித்தியும் சௌக்கியம். கன்றுகளைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் சும்மா இருந்திருக்கலாம். சாலையை அகலமாக்க மரங்களை வெட்டியபோது, இந்தத் தெருவுக்கு நானே நிழல் தருகிறேன் என்று எல்லார் முன்னாலும் வாயை விட்டுவிட்டேன். மாடியில் தொட்டி வைத்து, கன்றுகள் வறட்சி தாங்க வழி கேட்டேன், நீயும் பாசமாக ஒரு புட்டி அனுப்பினாய், அதில் 'வளர்ச்சி' என்ற சொல்லைப் பார்த்ததும் மேற்கொண்டு படிக்கத் தோன்றவில்லை. நீ சொன்ன அளவில் கலந்து வேரடியில் ஊற்றினேன். கழுத்தை எட்டும் என்று காத்திருந்தால் கணுக்காலைத் தாண்டவில்லை! மருந்தே வேண்டாமென்று கீழ்வீட்டுத் தையல்காரர் அதே மாடியில் வளர்த்தவை அவர் இடுப்புக்கு வந்துவிட்டன. மனுஷர் தினமும் டேப்போடு ஏறிவந்து என் கன்றுகளை அளக்கிறார், அரைக்கால் சட்டை போதும் என்கிறார். போதாக்குறைக்கு உன் சித்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "சின்ன வயசுல உங்களுக்கும் யாராவது இதைக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். நான் குள்ளம் என்பது ஊரறிந்ததுதான், அதை இப்போது நினைவூட்ட வேண்டுமா?

ஆகவே உடனே ஒரு மாற்று மருந்து அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்; உன் புட்டியை வாழ்த்த மனம் வரவில்லை.

இப்படிக்கு,
சித்தப்பா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் தெருக்குழாய் உடைந்து, குடிக்க மட்டும் லாரித் தண்ணீர் என்றாகிவிட்டது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. தையல்காரரின் கன்றுகள் தலை தொங்கிப் போயின. என்னுடையவை அசையவில்லை. ஒன்றைத் தொட்டியிலிருந்து மெல்லக் கவிழ்த்தால், தொட்டி முழுக்க வேர்! தையல்காரர் குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்தார். "மேல காணோம்னு சிரிச்சேன் சார். எல்லாம் கீழ ஓடியிருக்கு," என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை, என் பங்குத் தண்ணீரை அவர் தொட்டிகளுக்கு ஊற்றினேன். பாதி பிழைத்தன. குழாய் சரியான அன்றே தெருவே திரண்டு எல்லாவற்றையும் நட்டுவிட்டோம், முதல் குழி உன் சித்தி தோண்டியது.

புட்டியில் 'வளர்ச்சி'க்கு அடுத்த சொல்லை இப்போதுதான் படித்தேன்: 'கட்டுப்படுத்தி'. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. மாற்று மருந்து வேண்டாம். இன்னொரு புட்டி அனுப்பு, தையல்காரர் பெயருக்கு. இந்தக் கடிதமே இன்னும் போகவில்லை, அவர் அதற்குள் வாசலில் தபால்காரரை எதிர்பார்த்து நிற்கிறார்.