டெக்ஸ்டர் ஹல்வர்சனின் கடைசி ஆட்டங்கள்

அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அணியில் ஒருவன் நான்கு பருவம், அதாவது நான்கு வருஷம்தான் ஆடலாம் என்பது விதி. ப்ரேரி ஃபோர்க் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் டெக்ஸ்டர் ஹல்வர்சன் அந்த விதிக்கு முற்றிலும் கட்டுப்பட்டு ஒன்பதாவது வருஷமாக ஆடிக்கொண்டிருந்தான்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் வாங்கி, எதிரணித் தடியர்கள் மேலே விழுவதற்குள் வீசிவிடுவது அவன் உத்தியோகம். பெரும்பாலும் அவர்கள் முந்திக்கொள்வார்கள். அவன் வலது முழங்காலை இப்போது திருகாணிகள்தான் தாங்கிக்கொண்டிருந்தன.

விடைபெறும் ஆட்டக்காரர்களுக்குச் சொந்த மைதானத்தின் கடைசி ஆட்டத்தன்று ஒரு சடங்கு உண்டு. பிள்ளை தாயின் கையைப் பிடித்து நடந்து வருவான், தாய்க்குப் பூங்கொத்து கொடுப்பார்கள், அரங்கமே கண்கலங்கும். டெக்ஸ்டரின் தாய் லொரெய்ன் இதுவரை ஐந்து பூங்கொத்து வாங்கியிருக்கிறாள். ஐந்து தடவையும் மனதார அழுதாள்.

கடைசி ஆட்டம் முடிந்ததும் கல்யாணம் என்ற அவன் பேச்சை நம்பி உட்கார்ந்திருந்தவள் மேரிபெத்.

"இதோட விட்டுரு டெக்ஸ். இல்லேன்னா இந்த மோதிரத்தை நீயே போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டாள்.

டெக்ஸ்டர் அரண்டுபோய், யார் ஆடலாம் என்று முடிவு செய்யும் தகுதி அலுவலகத்துக்கு ஓடினான். அதிகாரி வெண்டல் பிராத்தர் புன்னகையோடு வரவேற்றார்.

"சார், என் நாலு பருவமும் முடிஞ்சுதில்ல?"

"யார் சொன்னா? முதல் வருஷம் உன்னை ஆடவிடாம உட்கார வெச்சோம், அது கணக்கில்ல. கால் உடைஞ்ச வருஷமெல்லாம் கணக்கில்ல. தொற்றுநோய் வருஷம் யாருக்குமே கணக்கில்ல."

"போன வருஷம் முழுசா ஆடினேனே!"

"எல்லாத்துலயும் தோத்தோம். அதையெல்லாம் ஆட்டம்னு எப்படித் தம்பி சொல்றது? மேல்முறையீட்டுல ஒத்துக்கிட்டாங்க."

"படிப்பும் முடிச்சுட்டேன் சார்."

"மூணு பட்டம் முடிச்சிருக்கே. நாலாவதுக்குச் சேர்த்தாச்சு. புல்தரைப் பராமரிப்பு."

"எனக்கு ஆடவே வேண்டாம்னா?"

பிராத்தர் உண்மையிலேயே திகைத்துப்போனார். அவர் சேவைக் காலத்தில் அப்படி ஒரு விண்ணப்பம் வந்ததே இல்லை.

"ஆடறதுக்கு விலக்கு வாங்க விதி இருக்கு தம்பி. ஆடாம இருக்கறதுக்கு இல்லையே! சரி, ஆட்டம் முடிஞ்சதும் மைக்குல நீயே சொல்லிடு. ஜனங்க ஒத்துக்கிட்டா அலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை."

சனிக்கிழமை வந்தது. லொரெய்ன் ஆறாவது பூங்கொத்தை வாங்கி, குறைவில்லாமல் அழுதாள். ஆட்டம் வழக்கம்போல் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கடைசி விநாடியில் டெக்ஸ்டர் விழுந்துகொண்டே, கண்ணை மூடிக்கொண்டு பந்தை வீசினான். அதை யாரோ பிடித்துவிட்டார்கள். ஜென்மப் பகையாளிகளான பக்கத்து ஊர்க்காரர்களை ப்ரேரி ஃபோர்க் வென்றேவிட்டது.

டெக்ஸ்டர் நொண்டிக்கொண்டே மைக்கைப் பிடித்தான்.

"எல்லாருக்கும் நன்றி. இதுதான் என் கடைசி ஆட்டம். சத்தியமா!"

அரங்கம் இழவு வீடாயிற்று. அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கீச்சிட்டது.

"இன்னும் ஒரே ஒரு வருஷம்!"

திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் நீலச் சாயம் பூசி, கன்னத்தில் அவன் சட்டையின் எண்ணை எழுதிக்கொண்டு, மோதிரக் கையை ஆட்டியபடி கத்தியவள் மேரிபெத். அடுத்த கணம் அரங்கம் முழுக்க அதையே முழங்கியது.

டெக்ஸ்டருக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் அத்தனை பேர் தன் பெயரைச் சொல்லிக் கத்தும்போது முழங்கால் வலிக்கவில்லை. தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கி, சரி என்பதுபோல் அசைத்தான்.

லொரெய்ன் பூங்கொத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவன் காதருகே எம்பினாள்.

"டேய், அடுத்த வருஷம் லில்லி வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லி வை. தும்மல் வருது."