கேட்டதைத் தவிர எல்லாம் கொடுப்பவர்

கொடுக்காதவர்களைத் திட்டி எழுதியே என் பாதி ஆயுள் போய்விட்டது. கட்டுக் கட்டாக நோட்டீஸ் போட்டேன். ஒருத்தரும் திருந்தவில்லை, அச்சகத்துக்காரர்தான் மாடி கட்டினார். அதனால் இன்றைக்குக் கொடுக்கிறவர்களிடம் வருகிறேன். எல்லாரிடமும் அல்ல. பசித்தவனுக்குச் சோறு, அடிபட்டவனுக்கு மருந்து, நியாயம் கேட்டு உள்ளே போனவனுக்கு ஜாமீன் என்று கொடுத்துவிட்டுப் பெயரைக்கூடச் சொல்லாமல் போகிற மனிதர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு மரியாதையாக ஓரமாய் உட்காரவைத்துவிடுவோம். நான் பிடித்து வந்திருப்பது வேறு ரகம். கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுக்கிற ரகம்.

பார்த்திருப்பீர்கள். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் எல்லாம் புரிந்துவிட்ட சிரிப்பு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். அப்படிச் சாய்ப்பதற்கே மூன்று நாள் வகுப்புக்குப் போய் வந்திருக்கிறார். "தண்ணி வரல சார்" என்று நீங்கள் சொன்னால், "நீங்க சொல்றது எனக்குக் கேக்குது" என்பார். கேட்கும். தண்ணீர்தான் வராது. குழாய் கேட்ட தெருவுக்கு நீரின் அருமை பற்றி வகுப்பு, கூரை கேட்ட வீட்டுக்குக் கூரைப் படம் போட்ட பனியன், வக்கீல் கேட்ட பெண்ணுக்குத் தன்னம்பிக்கை. கெட்டவரா? இல்லவே இல்லை. கெட்டவர் என்றால் இரண்டு கோஷம் போட்டு விரட்டியிருப்போமே! நல்லவர், ஐயா. அதுதான் தொல்லை.

எனக்குத் தெரிந்த உருப்படிக்கு எங்கள் வட்டாரத்தில் 'அட்டை அண்ணன்' என்று பெயர். எங்கே போனாலும் பையிலிருந்து நாலு நிற அட்டைகளை உருவி, ஆளுக்கொன்று கொடுத்து, "மனசுல இருக்கறத எழுதுங்க" என்பார். அவர் வேலை பார்ப்பது ஓர் அறக்கட்டளையில். எங்கோ கடல் தாண்டி, சட்டைப் பொத்தான் செய்து விற்ற ஒரு பெண்மணி, பிள்ளை குட்டி இல்லாதவர், சாகும்போது சொத்தையெல்லாம் எழுதிவைத்தார். உயிலில் ஒரே வரி: கஷ்டப்படுகிறவர்கள் கேட்பதைக் கொடுங்கள். அந்த மகராசி கண்ணை மூடி ஐம்பது வருஷம் ஆகிறது. அந்த ஒரு வரி இப்போது நானூறு பக்க வழிகாட்டியாக வளர்ந்திருக்கிறது. அதில் 'கேட்பதை' என்ற சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அட்டை அண்ணனைக் கேட்டேன். தேடிச் சொல்கிறேன் என்றார். இன்னும் தேடுகிறார்.

கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு வீடுகள். தகரம், பலகை, பழைய விளம்பரப் பேனர் என்று கிடைத்ததைக் கொண்டு கட்டியவை. மூட்டை தூக்குகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், குப்பை பிரிக்கிறவர்கள், ஓர் இஸ்திரிக்காரர், ஒரு தையல்கார அக்கா. மூன்று வருஷமாக அட்டை அண்ணன் இவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தலைமைப் பண்புப் பயிற்சி, குழுவாகச் செயல்படும் பயிற்சி (நூறு கிலோ மூட்டையை நாலு பேராகத் தூக்குகிறவர்களுக்கு!), மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சி என்று பதினொன்று ஆயிற்று. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஓர் ஆரஞ்சுப் பை, ஒரு பேனா, ஒரு நோட்டு. தெருவில் வெங்காயம் தொங்குவது ஆரஞ்சுப் பையில், பிள்ளை பள்ளிக்கூடம் போவது ஆரஞ்சுப் பையில், ஓட்டைக் கூரையை அடைத்திருப்பதும் ஆரஞ்சுப் பை. "மழை வந்தா பயிற்சி ஒழுகுது" என்பார் இஸ்திரிக்காரர்.

எதைக் கொடுத்தாலும் கையெழுத்து வாங்காமல் அண்ணன் விடமாட்டார். செங்கல் தடிமனில் ஒரு வருகைப் பதிவேடு, எப்போதும் அவர் கக்கத்திலேயே இருக்கும். பெயர், வீட்டு எண், தேதி, கையெழுத்து. வீட்டு எண் ஏது என்று கேட்காதீர்கள். ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை அவரே ஒவ்வொரு கதவிலும் பெயின்டால் எழுதினார், ஒவ்வொரு குடும்பத்தையும் அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார், தேதி போட்டு அதையும் பதிவேட்டில் ஒட்டினார். காலையில் ஒரு கையெழுத்து, மதியம் ஒரு கையெழுத்து. மதியக் கையெழுத்து போடாமல் நழுவிய மூட்டைக்காரர் ஒருவரை லாரி மேலேயே ஏறிப் பிடித்து வாங்கியிருக்கிறார். உலகம் அழிந்தாலும் கவலையில்லை, கட்டம் காலியாக இருக்கக் கூடாது.

இப்படி இருக்கும்போது இடி விழுந்தது. நில அலுவலகம் கோர்ட்டில் ஒரு காகிதம் கொடுத்தது: 'மேற்படி நிலம் ஐந்து வருஷமாகக் காலி. அங்கே எவரும் குடியில்லை.' நாற்பத்திரண்டு அடுப்பு எரிகிற இடத்தில் எவரும் இல்லையாம்! அவர்களிடம் கரன்ட் பில் கிடையாது, வாடகைச் சீட்டு கிடையாது, அந்த விலாசத்துக்கு ஒரு தபால்கூட வந்தது கிடையாது. நீதிபதி சொல்லிவிட்டார்: அங்கே வாழ்கிறோம் என்பவர்கள் பதினேழாம் தேதி ஆதாரத்தோடு நேரில் வரட்டும். வராவிட்டால் பதினெட்டாம் தேதி காலையில் இயந்திரம் வந்து கூரையைத் தள்ளும். கோர்ட்டு இருப்பது பெரிய டவுனில், மூன்று மணி நேரப் பயணம்.

இவர்களுக்காக இலவசமாக வாதாட வந்த வக்கீலம்மாதான் கண்டுபிடித்தார். "அந்த அட்டைக்காரர் வச்சிருக்காரே ஒரு நோட்டு, அதவிட நல்ல ஆதாரம் ஏது? வாங்கிட்டு வாங்க."

தையல்கார அக்கா கேட்டார். அண்ணன் தலையைச் சாய்த்தார்.

"உங்க வலி எனக்குப் புரியுதும்மா. ஆனா பதிவேடு தலைமை அலுவலகத்தோட ரகசிய ஆவணம். வெளிய குடுக்க வழிகாட்டில இடமில்ல."

"எங்க பேரு, எங்க கையெழுத்து. எங்களுக்கே ரகசியமா சார்?"

"குறிப்பா உங்களுக்குத்தான்."

"சரி, ஒரு வண்டியாவது குடுங்க. எல்லாரும் போய்ச் சேரணும்."

"கோர்ட்டுக்கு வண்டி குடுக்க எங்க கணக்குல செலவுத் தலைப்பே இல்லம்மா. ஆனா ஒண்ணு செய்வோம், உங்க தேவை என்னன்னு எல்லாரும் சேர்ந்து கண்டறிவோம்!"

கண்டறிந்தார்கள். வீட்டுக்கு ஒருவராக நாற்பத்திரண்டு பேரும் அக்கா வீட்டு வாசலில் சாமானைத் தள்ளிவிட்டுத் தையல் மிஷினைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக்கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு அட்டையிலும் ஒரே வாசகம்: 'பதினேழு கோர்ட்டு. வண்டி வேணும். நோட்டு வேணும்.' அண்ணன் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார், ஒவ்வொன்றுக்கும் "அருமை" என்றார், சுவரில் ஒட்டினார். பிறகு இரண்டடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு பிரித்தார். எப்படி? நிறத்தை வைத்து! மஞ்சள் அட்டையெல்லாம் போக்குவரத்துச் சவால்கள். பச்சையெல்லாம் சட்ட விழிப்புணர்வுக் குறைபாடு. நீலம் எழுதுபொருள் தட்டுப்பாடு, நோட்டு கேட்டிருக்கிறார்களே. மீதி இருந்த ரோஸ் அட்டைகளுக்கு 'கனவுகள்' என்று தலைப்புக் கொடுத்தார்.

"ஏண்ணே, நான் ரோஸ்ல எழுதினேன், அவ மஞ்சள்ல எழுதினா. எனக்குக் கனவு, அவளுக்குப் போக்குவரத்தா?" என்று என் காதைக் கடித்தார் இஸ்திரிக்காரர்.

நான் வாயைத் திறப்பதற்குள் தையல்கார அக்கா எழுந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். முகத்தில் அப்படி ஒரு பணிவு.

"சார், எங்களுக்கு ஒண்ணும் தெரியல சார். உரிமைன்னா என்னன்னே தெரியல. ஒரு பயிற்சி வைங்க சார்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷத்தில் ஒருவர் தானாக வாய்விட்டுப் பயிற்சி கேட்டது அதுதான் முதல் தடவை.

"எப்ப வைக்கலாம்? சொல்லுங்கம்மா, உங்க விருப்பம்."

"பதினேழு. டவுன்லயே வைங்க சார், அந்தக் கோர்ட்டு பக்கத்துல ஒரு ஓட்டல் இருக்காமே. இங்கன்னா அடுப்பு, பிள்ளைன்னு மனசு நிக்காது."

"போக வர?"

"அதான் சார் தெரியல..."

"பயிற்சின்னா வண்டிக்குத் தலைப்பு இருக்கும்மா!"

பதினேழாம் தேதி விடிகாலை குளிர்சாதனப் பஸ் ஒன்று வந்து நின்றது. ஒன்பதரை மணிக்கு ஓட்டல் மண்டபத்தில் ஆரஞ்சுப் பை வாங்கி, காலைக் கையெழுத்துப் போட்டு, 'உரிமைகளை அறிவோம்' பேனருக்குக் கீழே வட்டமாக உட்கார்ந்தார்கள். எல்லாரும் கண்ணை மூடி உங்கள் உரிமையை மனதில் காணுங்கள் என்றார் அண்ணன், தானும் மூடிக்கொண்டார். திறந்தபோது நாற்பத்திரண்டு நாற்காலிகள்தான் இருந்தன.

இங்கே கோர்ட்டில் நான் கடைசி பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வரிசையாக ஆரஞ்சுப் பைகள் நுழைந்தன. வழக்கைக் கூப்பிட்டார்கள். வக்கீலம்மா இவர்களைக் காட்டினார். நில அதிகாரி சாவகாசமாக எழுந்தார்.

"ஐயா, நிலம் காலிதான். இவங்க எல்லாம் ஏதோ மாநாட்டுக்கு வந்தவங்க. பாருங்க, ஒரே மாதிரி பை. கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்காங்க."

நீதிபதி கண்ணாடியை இறக்கிப் பைகளைப் பார்த்தார். "அங்கே வாழ்றீங்கன்னு காட்ட ஒரு காகிதம்கூட இல்லையாம்மா?"

வக்கீலம்மா திரும்பித் தையல்கார அக்காவைப் பார்த்தார். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு படாரென்று திறந்தது. வியர்வை வழிய, மூச்சு வாங்க, கக்கத்தில் செங்கல்லோடு அட்டை அண்ணன்.

"யார் நீங்க?" என்றார் நீதிபதி.

"மன்னிக்கணும் ஐயா, ரெண்டே நிமிஷம். நாற்பத்திரண்டு பேரும் மதியக் கையெழுத்துப் போடாம வந்துட்டாங்க. நேரில் பார்த்துத்தான் வாங்கணும், வழிகாட்டில இருக்கு." சொல்லிக்கொண்டே பதிவேட்டை விரித்து இஸ்திரிக்காரரின் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"அதை இங்கே கொண்டாங்க."

"ஐயா, இது ரகசிய..."

"இங்கே கொண்டாங்கன்னேன்."

இருபது நிமிஷம் நீதிபதி பக்கம் புரட்டினார். மூன்று வருஷம், பதினொரு பயிற்சி, நாற்பத்திரண்டு கதவு, ஒவ்வொரு கதவுக்கும் போட்டோ, ஒவ்வொரு போட்டோவுக்கும் தேதி. அதிகாரியைப் பார்த்துக் கேட்டார்: "காலியா இருக்கற இடத்துல இருந்து மூணு வருஷமா யாருங்க கையெழுத்துப் போட்டுட்டு இருக்கறது?" அதிகாரி பையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். இடைக்காலத் தடை. மறு உத்தரவு வரும்வரை ஒரு தகரத்தைக்கூடத் தொடக் கூடாது.

வெளியே வந்ததும் மூட்டைக்காரர்கள் அண்ணனைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்கள். குழுவாகச் செயல்பட்டுத்தான். அவர் மேலேயிருந்து கதறினார்: "மதியக் கையெழுத்து!" போட்டார்கள், அவரை இறக்கி, நீதிபதி திருப்பிக் கொடுத்த பதிவேட்டை அவர் முதுகிலேயே வைத்து, நாற்பத்திரண்டு பேரும்.

தையல்கார அக்காவிடம் மெல்லக் கேட்டேன். "அவர் வருவாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கேட்டா குடுக்க மாட்டாருண்ணே. கையெழுத்துப் போடாம வந்தா, நோட்டு தானா பின்னாலயே நடந்து வரும்."

அண்ணன் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையை நான் பார்த்தேன். 'மதிய அமர்வில் எவரும் இல்லை. காரணம்: ஆர்வமின்மை. பரிந்துரை: நேர ஒழுக்கம் பற்றி ஒரு பயிற்சி.' வழக்கு, தடை உத்தரவு, பிழைத்துப்போன நாற்பத்திரண்டு வீடு எதற்கும் அதில் கட்டம் இல்லை. பொத்தான் விற்ற மகராசிக்கு எங்கேயாவது கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

நீங்களும் சிரித்தீர்கள்தானே? சிரியுங்கள். நானும் அந்தக் கோர்ட்டு வாசலில் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அப்போது தையல்கார அக்கா, "அண்ணே, அடுத்த வாய்தா இருபத்தெட்டாம் தேதி. அன்னைக்கும் வண்டி வேணும்" என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதல்ல நாம ஒரு கமிட்டி போட்டு, ஒரு துண்டறிக்கை..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா ஆரஞ்சுப் பைக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். ரோஸ் நிறம்.

அந்தப் பையில் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது. அக்கா உங்கள் தெருப் பக்கமும் வருவார். எதற்கும் வண்டிச் சாவி எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.