மேல்மாடி வால்வைத் திறக்க வேண்டி

மதிப்பிற்குரிய கட்டட உரிமையாளர் ஐயா அவர்களுக்கு,

கீழ்த்தளத்தில் பார்லர் வைத்திருக்கும் பெண்ணின் பாட்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், என் பேத்தி, வேலை செய்யும் பெண்கள் இருவர் எல்லோரும் சுகம். தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக வீட்டம்மா.

இப்போது மணி பதினொன்று பத்து. சரியாகப் பதினொரு மணிக்கு எங்கள் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. மொட்டை மாடி வால்வை மூடியது தாங்கள்தான் என்று எனக்குத் தெரியும். தங்கள் செருப்புச் சத்தம் படியேறியதையும் இறங்கியதையும் இரண்டு காதாலும் கேட்டேன். தங்கள் தங்கை மகன் செல்போன் கடை போடுவதற்காக எங்களை ஒன்றாம் தேதிக்குள் காலி செய்யச் சொல்லி மூன்று வாரமாக நெருக்குகிறீர்கள், நாங்களும் அசையவில்லை, அதற்காகத்தான் இந்தத் தண்ணீர் வைத்தியம். இருக்கட்டும். ஆனால் இந்த நிமிடம் உள்ளே நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். தலை முழுக்க அலுமினியத் தாள் மடிப்புகள், ஒவ்வொன்றுக்குள்ளும் முடியின் கருநிறத்தை வெளுக்கும் மருந்து. பதினொன்றரைக்குள் கழுவியாக வேண்டும். தவறினால் பழுப்பாக வர வேண்டியது செம்பாகும், செம்பு மஞ்சளாகும், அதற்கும் மேலே போனால் சீப்போடு முடியும் கையில் வந்துவிடும் என்கிறாள் பேத்தி. ஆகவே வால்வைத் திறக்க வேண்டுகிறேன்.

இதை வாயால் சொல்லத்தான் அவள் முதலில் உங்கள் கதவைத் தட்டினாள். நீங்கள் திறக்காமலே, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்றீர்களாம். "சார், அவசரம் சார்!" என்றதற்கு, "அவசரத்தையும் எழுத்துலயே குடு" என்றீர்களாம். ஓடி வந்து பேனாவை என் கையில் திணித்தாள். "பாட்டி, ரெண்டே வரி எழுதிக் குடுத்துடு, நான் தண்ணி கேனுக்கு ஓடுறேன்" என்றாள். இரண்டு வரியில் கடிதம் முடிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை ஐயா. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் கடிதம் எழுதுவதில் அந்த வகுப்புக்கே முதல். விஷயத்தைக் காரண காரியத்தோடு சொல்லாவிட்டால் அது கடிதமா, சீட்டு.

எழுத உட்கார்ந்ததோடு இதையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு நானே படியேறிக் கதவைத் தட்ட என் முழங்காலுக்குத் தெம்பில்லை. இந்தக் கடை சும்மா வளர்ந்ததில்லை. திறந்த புதிதில் ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி, ஈ ஓட்டக்கூட ஈ கிடையாது. காலியான கடைக்குள் எந்தப் பெண்ணும் காலை வைக்க மாட்டாள் என்று கண்டுபிடித்தது நான்தான். தெருவைப் பார்த்த நாற்காலியில் நானே வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்தேன். இரண்டு மாதம், தினம் இரண்டு முறை தலைக்குக் குளியல். முகத்தில் பூசாத பூச்சு இல்லை. ஒரு நாள் வெள்ளரிக்காய் வில்லையைக் கண்ணில் வைத்துக்கொண்டு தூங்கியே போய்விட்டேன், எழுந்து பார்த்தால் பக்கத்தில் நாலு பேர் வரிசையில் இருக்கிறார்கள்! அன்றைக்குப் பிடித்த காற்று இன்னும் நிற்கவில்லை. இன்றைக்கு மூன்று நாற்காலி, சனி ஞாயிறென்றால் நிற்க இடமில்லை. கை நிறைய லாபம், யாரையும் ஏமாற்றாத லாபம். "உங்க முகத்துக்கு இது வேண்டாம்மா, காசு வீண்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறாளே, அப்படித் திரும்பிப் போனவள் அடுத்த வாரம் அக்கா தங்கையோடு வருகிறாள். இந்த வித்தை எந்தச் செல்போன் கடையில் இருக்கிறது?

மணி பதினொன்று இருபது. உள்ளேயிருந்து குரல் வருகிறது. "பாட்டிம்மா, தலை சுறுசுறுங்குதே, தண்ணி வந்துச்சா?"

"இதோ வந்துட்டே இருக்கும்மா, அசையாம உக்காருங்க" என்று சொல்லியிருக்கிறேன். பொய்தான். அந்தப் பாவத்தில் பாதி, தம்பி, உங்கள் கணக்கு.

பேத்தி திரும்பிவிட்டாள், வெறுங்கையோடு. கேன் வண்டி இன்னும் வரவில்லையாம். "அடியே, உள்ள இருக்கிறது யாருன்னு மட்டும் அவர்கிட்டச் சொல்லிடு, வால்வு தானாத் திறக்கும்" என்றேன். கடித்துக் குதறிவிட்டாள். "வாயைத் திறக்காத பாட்டி! இங்க வர்றவங்க ரகசியம் வெளிய போச்சுன்னா அன்னைக்கே கடைக்குப் பூட்டு. அவர் பூட்டினா வேற எடம் பாத்துக்கலாம், நாமளே பூட்டிக்கிட்டா எங்க போறது?" அவள் சொல்வது நியாயம். எந்தத் தலையில் எத்தனை நரை என்று எங்கள் சுவருக்குக்கூடத் தெரியாது. ஆகையால் அந்த அம்மாள் யாரென்று கேட்காதீர்கள். தன் கணவர் பார்த்து அசந்துபோக வேண்டும், அதுவரை அவருக்குத் தெரியக்கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். வீட்டில் தையல்காரரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இந்தக் கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது, அடித்துவிட்டேன். அடித்ததைப் படிக்காதீர்கள்.

மணி பதினொன்று இருபத்து நாலு. உங்கள் காலில் விழுகிற வயது எனக்கில்லை தம்பி, விழுந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். இருந்தாலும் விழுந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வால்வைத் திறவுங்கள். கடையையும் எங்களுக்கே விடுங்கள். பிள்ளை குட்டிகளோடு நீங்கள் நீடூழி வாழ வேண்டும், உங்கள் வீட்டில் எந்தக் குழாயும் வற்றக் கூடாது என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
பார்லர்க்காரியின் பாட்டி

பின்குறிப்பு: மேலே கெஞ்சியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான் கையெழுத்துப் போடும்போது அந்த அம்மாள் தாளும் தலையுமாக எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டார். பிறகு, "வால்வை மூடினது அவரா?" என்றார். நான் மேலே பார்த்தேன். "கடை யாருக்கு? நாத்தனார் மகனுக்கா?" என்றார். நான் கீழே பார்த்தேன். "இது எங்கப்பா என் பேருக்கு எழுதி வச்ச கட்டடம். காலி பண்ணச் சொல்ல இவர் யாரு? நீ ஒரு ஆணியக்கூடப் பிடுங்காதடி பொண்ணே" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டார். சத்தியத்திலிருந்தும் என்னை விடுவித்துவிட்டார். உள்ளே இருந்தது உங்கள் மனைவி.

இந்தக் கடிதத்தை அவரே கொண்டு வருகிறார். இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது. நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது அவர் உங்கள் எதிரில்தான் நிற்பார். தம்பி, தலையை நிமிர்த்திப் பார்க்காதீர்கள், சிரித்தும் தொலைக்காதீர்கள். நேராக மொட்டை மாடிக்கு ஓடுங்கள்.